காயம் எழுதப்படாத பதிவேடு

காலை ஐந்தே முக்காலுக்கு வார்டு அலுவலக வாசலில் மஸ்டர் தொடங்கியிருந்தது. டெல்டா பக்கம் நடுத்தர அளவுள்ள ஒரு நகராட்சி. ஊர்ப் பெயரை எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கூடவே வர அனுமதித்தார்கள். மேஸ்திரி செல்போனை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்ட, முகம் பதிவாகிக்கொண்டே வந்தது. முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். புடவைக்கு மேல் பச்சைக் கோட்டு, அதன் மேல் ஒளிரும் பட்டை. காலில் ரப்பர் செருப்பு. பூட்ஸ் அணிந்திருந்தவர்கள் மூன்று நான்கு பேர், அவர்களும் ஆண்கள்.

சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் இவையெல்லாம் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. ஸ்டோர் அறையை எட்டிப் பார்த்தேன். கையுறை அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஆக, வாங்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

"க்ளவுஸ் எங்கக்கா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"வண்டியில தொங்குது பாருங்க."

"போடலியா?"

"போட்டா விளக்குமாறு புடி நழுவுது தம்பி. ஆம்பளைக் கைக்குத் தச்சது. ஒரு மணி நேரத்துல உள்ளார வேர்த்து விரலிடுக்கெல்லாம் புண்ணாயிடுது."

என் கையில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் கையில் விரல் நுனிகள் ஒரு அங்குலம் வெறுமையாகத் தொங்கின. பெட்டியில் ஒரே அளவுதான் என்று ஸ்டோர்கீப்பர் சொன்னார். கொள்முதல் கோப்பில் எண்ணிக்கைக்குக் கட்டம் உண்டு, அளவுக்கு இல்லை. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் யாரும் அந்தக் கையுறையோடு ஒரு தெருவைப் பெருக்கியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் காயங்களுக்கான பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கு சார், முடிச்சிட்டு வாங்க, காட்டுறேன்" என்றார்.

பேட்டரி வண்டியோடு தெருவுக்குள் நடந்தோம். வீட்டு வாசலில் கொட்டப்படும் குப்பையில் மக்குவதும் மக்காததும் கலந்தே வந்தது. வண்டியோரம் நின்று, கையுறையைப் பற்றிச் சொன்ன அக்கா கையாலேயே பிரித்தார். முட்டை ஓடு, மீன் செதில், உடைந்த டியூப்லைட், ஷேவிங் பிளேடு, மூடியில்லாத இன்சுலின் ஊசி. இந்த வேலையில் காயம் வருவது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு கணத்தில், சத்தமில்லாமல். வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். பழைய குத்துக் காயங்கள் கறுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தன.

"ஊசி குத்துனா என்ன பண்ணுவீங்க?"

"நசுக்கி ரத்தத்த வெளிய எடுத்துட்டு, சுண்ணாம்பு வச்சுக்குவேன்."

நசுக்கவும் கூடாது, சுண்ணாம்பும் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. முகாமில் ஏதோ ஊசி போட்டார்கள், எதற்கென்று சொல்லவில்லை என்றார் அவர். அட்டையும் தரவில்லையாம்.

அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் ஒரு பெரியவர், மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைச் சேர்த்து வைத்துத் தனியாகக் கொடுத்தார். சர்க்கரைக்காரர், தினமும் இரண்டு ஊசியாம். "இவுங்க வூட்டுப் பைய மட்டும் பாக்காம கொட்டலாம்" என்றார் அக்கா. பயன்படுத்திய ஊசி, சிரிஞ்சு எல்லாம் வீட்டு அபாயக் கழிவு, தனியாகத்தான் தர வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்லியிருந்தன. ஸ்டோர் அறையில் அடுக்கிய அத்தனை கையுறையும் செய்யாத வேலையை அந்தக் காலி பாட்டில் செய்கிறது. மெல்லிய ரப்பரை ஊசி துளைத்துவிடும். துளைக்க ஊசியே இல்லை என்றால் எந்த ரப்பர் என்ற கேள்வியே எழாது.

பத்து மணி வாக்கில் வெயில் ஏறிவிட்டது. யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. காரணம் கேட்டபோது இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் வரை கழிப்பிடம் கிடையாது, அதனால் குடிப்பதில்லை. பின்னால் வரும் நீர்க்கடுப்பும் மயக்கமும் எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் காயமாகக் கணக்கில் வராது. வார்டு அலுவலகக் கழிப்பறைச் சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது. அவர் எப்போதும் ரோட்டில் இருக்கிறார்.

அடுத்த தெருவில் சாக்கடை தூர்வாரும் வேலை. இரண்டு பேர் கடப்பாரையை நெம்புகோலாக்கி மூடு பலகையைத் தூக்கினார்கள். மூன்றடிக்கு இரண்டடி, நாலு அங்குல கனம். காங்கிரீட்டுக்குக் கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ என்று கணக்குப் போட்டால் ஒரு பலகை ஏறக்குறைய 140 கிலோ வருகிறது. கடப்பாரை நழுவினால் விரல் போய்விடும். ஒருவருக்கு இடது கைச் சுண்டுவிரலின் நுனி இல்லை. "இது இல்ல சார், போன வருசம் பெருமாள் கோயில் தெருவுல" என்று அந்தக் கையாலேயே திசை காட்டினார்.

வார்க்கும்போதே இரண்டு பக்கமும் கம்பி வளையம் பதித்திருந்தால் கொக்கி மாட்டித் தூக்கிவிடலாம். ஏன் பதிப்பதில்லை? பலகையைப் போடுவது பொறியியல் பிரிவு, தூக்குவது சுகாதாரப் பிரிவு. எஸ்டிமேட் போடுகிறவருக்கு அது சாக்கடையை மூடும் பலகை மட்டும்தான், மாதம் ஒரு தடவை திறக்க வேண்டிய கதவு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. இரண்டு பிரிவும் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே பாதாளச் சாக்கடை ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் இருக்கிறது. கழிவுநீர் பொங்குகிறது என்று புகார் வந்த தெருவுக்கு ஜெட்ராடிங் வண்டி வந்திருந்தது. மேன்ஹோல் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டு, குழாயை இறக்கி நீரை வேகமாகப் பாய்ச்சினார்கள். ஆள் யாரும் இறங்கவில்லை. இப்போது இறங்குவதில்லை என்று ஓட்டுநர் அழுத்திச் சொன்னார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறந்தால் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்தத் தொகை ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"அடைப்பு எடுபடலேன்னா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "மூங்கிக் குச்சி வுட்டுப் பாப்போம். அதுக்கும் மேலன்னா... எறங்க மாட்டோம் சார். வூட்டுக்காரங்கதான் ஐந்நூறு தாரேன், ஆயிரம் தாரேம்பாங்க."

அபாயம் அந்த ஆயிரம் ரூபாயில் இருக்கிறது. நகராட்சி இறக்காத இடத்தில் தனியார் இறக்குகிறார்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் அழைத்தால் லாரி வரும் என்ற செய்தி சுவரில் எழுதியிருக்கிறது, சுவரொட்டிகளுக்கு நடுவே.

குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'நாத்தம் வந்தா வெளியே வந்துடலாம்' என்ற நம்பிக்கை இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் 100 பிபிஎம் அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, பரவாயில்லை என்று உள்ளே இருப்பவர் நினைக்கும்போது வாயு அதிகமாகியிருக்கும். பல நூறு பிபிஎம்முக்குப் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். இது காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும். மீத்தேன் லேசானது, மேலே நிற்கும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் அளவுமானியை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே அது ஆள் நிற்கும் இடமில்லை.

இந்த மரணச் செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று அடிக்கடி வருவதற்கும் காரணம் இதுதான். முதலில் விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். மேலே முக்காலியும் கப்பிக் கயிறும் இருந்து, இறங்குகிறவர் உடம்பில் பாதுகாப்பு வார் மாட்டியிருந்தால், யாரும் உள்ளே போகாமலே இழுத்துவிடலாம். இந்த நகராட்சியில் முக்காலி இருக்கிறது. வாயு அளவுமானியும் இருக்கிறது, பீரோவில். எடுத்து அழுத்தினார்கள், திரை எரியவில்லை. சார்ஜ் போட வேண்டும் என்றார்கள். சார்ஜ் போட்டால் மட்டும் போதாது, உணரிகளுக்கு ஆயுள் உண்டு, அவ்வப்போது அளவு சரிபார்க்கவும் வேண்டும். கேரளத்தில் உருவான பேண்டிகூட் ரோபோ இயந்திரம் கும்பகோணம் நகராட்சிக்கு வந்தபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதின. எழுதியது சரிதான். ஆனால் உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியை வாரம் ஒரு முறை சார்ஜில் போடும் பொறுப்பு யாருடையது என்று தீர்மானிக்காத அலுவலகத்தில் ரோபோவும் ஒரு நாள் பீரோவுக்குள்தான் போகும்.

தெருவிளக்குப் பிரிவில் அதிக நேரம் நிற்கவில்லை. மின்வாரியக் கம்பி போகும் அதே கம்பத்தில்தான் நகராட்சி விளக்கும் மாட்டியிருக்கிறது. பகலில் விளக்கு எரியாததால் லைனில் மின்சாரம் இல்லை என்று தோன்றும், மேலே ஓடும் மற்றக் கம்பிகளில் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தித் தரும் 'லைன் கிளியர்' (எல்.சி.) வாங்காமல் ஏறக்கூடாது என்பது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். "ஒரு பல்பு மாத்த எல்.சி. கேட்டா தெருவே திட்டும் சார்" என்றார் ஒருவர். அவர் தோளில் இருந்தது அலுமினிய ஏணி. மின்வேலைக்கு உலோக ஏணி ஆகாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

உரக்கிடங்கில் காய்கறிக் கழிவை அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாய்ப்பகுதியின் தகரக் காப்பு கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. அலட்சியம் என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. வாழைத்தண்டு நீளமாக வருகிறது, காப்பு இருந்தால் நுழைவதில்லை, நறுக்கித் தர ஆள் இல்லை. அந்தப் பெண் தண்டைக் கையால் தள்ள, கோட்டுக்கு வெளியே வந்த முந்தானை வாய்க்கு ஒரு முழம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. என்னோடு வந்த சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சுவிட்சை அணைத்தார். ஒரு அரிவாளும் மரக்கட்டையும் வாங்கினால் காப்பைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று அவரே சொன்னார். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.

மதியம் அலுவலகத்துக்குத் திரும்பினோம். இன்ஸ்பெக்டர் சொன்னபடி பதிவேட்டை எடுத்து வைத்தார். நல்ல பைண்டிங். முதல் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகன விபத்து எழுதியிருந்தது. பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. சுண்டுவிரல் இல்லை. ஊசி இல்லை.

"எழுதலாம் சார்" என்றார், ஒளிக்காமல். "ஒரு மாசத்துல இருபது எழுதினா, உங்க ஊர்ல மட்டும் ஏன் இவ்வளவுன்னு மேல இருந்து கேப்பாங்க. பக்கத்து ஊர்ல பூஜ்யம் இருக்கும்."

அவர் சொன்னது நியாயமான பயம். பூஜ்யத்தைப் பாராட்டும் ஒரு ஆய்வுக் கூட்டம், காயத்தைக் குறைப்பதற்குப் பதில் காயத்தைப் பற்றிய செய்தியைக் குறைத்துவிடுகிறது. அந்த இருபதும் எழுதப்பட்டிருந்தால் எந்தத் தெருவில் ஊசி வருகிறது, எந்தச் சாக்கடைப் பலகை விரலைக் கேட்கிறது என்று இரண்டே மாதத்தில் தெரிந்திருக்கும். பொறியியல் அறையில் வளையம் கேட்டுச் சண்டை போட அந்தத் தாள் ஒன்றுதான் ஆயுதம்.

எழுதாததில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. காலையில் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.-க்குப் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் பட்ட காயத்தால் குறைந்தது மூன்று நாள் வேலைக்கு வர முடியாமல் போனால், தேறும் வரை கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் காயம் வேலையில்தான் பட்டது என்பதற்கு முதல் சாட்சி விபத்துப் புத்தகம், படிவம் 11. தொழிலாளி வாய்மொழியாகச் சொன்னாலே போதும், அதில் ஏற்றியாக வேண்டும். சுண்டுவிரல்காரர் அந்த நாட்களைச் சொந்த விடுப்பாகக் கழித்திருக்கிறார், கூலி இல்லாமல்.

ஒப்பந்த சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அந்தப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யாருக்கோ போன் செய்தார், காத்திருந்தார், வைத்தார்.

"இருக்கு சார். ஹெட் ஆபீஸ்ல இருக்காம், சென்னைல."