டிரிச்சினாப்பொலி என்றால் என்ன?

"இது என்ன கேள்வி! திருச்சிராப்பள்ளி என்று சொல்ல நாக்கு வளையாத வெள்ளைக்காரர் வைத்த பெயர்" என்பீர்கள், வாசகர்களே. வாஸ்தவம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது ஊரின் பெயர் மட்டுமல்ல. மூன்று பொருள்களின் பெயரும்கூட.

முதலாவது, சுருட்டு. உறையூர்ச் சுருட்டு கப்பலேறிச் சீமைக்குப் போய், ஊர்ப் பெயராலேயே விலை போயிற்று. 1887-இல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே, கொலையாளி பிடித்தது டிரிச்சினாப்பொலி என்று துப்பறிகிறார் ஹோம்ஸ். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம் சுருட்டுத்தான்!

இரண்டாவது, சங்கிலி. மெல்லிய வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகத் திருச்சிப் பத்தர்கள் பின்னிய வேலை. 1774-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒன்பதாம் நூற்றாண்டு வெள்ளிப் புதையல் ஒன்று கிடைத்தது. அது திருச்சியிலிருந்து போனதல்ல. ஆனாலும் அதிலிருந்த வெள்ளிப் பின்னலை 'டிரிச்சினாப்பொலி வேலை' என்றே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

மூன்றாவது, கல். இப்பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்த பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர், 1862-இல் அவற்றை ஊட்டத்தூர், டிரிச்சினாப்பொலி, அரியலூர் என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார். நடு வகுப்பைப் பார்க்க மலைக்கோட்டைக்குப் போகவேண்டாம். 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்த குன்னத்துக்குப் போகவேண்டும்.

நானும் போனேன். வரப்போரம் கிடந்த ஒரு கல்லில் கிளிஞ்சல் பதிந்திருந்தது. அருகே நின்ற பெரியவர், "ஏர் ஓட்டுனா இதுதான் தம்பி தட்டும். கடலு எங்கே, நம்ம ஊரு எங்கே! கிளிஞ்ச எப்படி வந்துச்சு?" என்றார்.

"கிளிஞ்சல் வரவில்லை ஐயா, கடல்தான் இங்கே இருந்தது, சுமார் ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்" என்றேன். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை எறியவில்லை, துண்டில் முடிந்துகொண்டார். "பேத்தி இஸ்கூலுக்குக் கொண்டுபோவட்டும்."

சொல்லுக்கு ஆபத்தில்லை, அகராதி காப்பாற்றும். பொருளைக் காப்பது யார்? சுருட்டுச் சுற்றும் கைகள் குறைந்துவிட்டன. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகச் சிமெண்டுச் சூளைக்குப் போகிறது. அதனுள் பதிந்த நத்தையும் கிளிஞ்சலும் கூடவே வேகின்றன.

ஊர் தன் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றுவிட்டது, மெத்தச் சரி. ஆனால் அந்தப் பழைய பெயருக்குள் நம் தொழிலாளியின் விரலும், தட்டாரின் கண்ணும், ஒரு கடலும் இருக்கின்றன. அவற்றையாவது தமிழில் எழுதி வைத்துக்கொள்வோமே!