நோய் ரத்தத்தில்... கணக்கு சிறுநீரில்! கீமோ வார்டில் ஓர் அம்மாவின் நோட்டு

ரத்தப் புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வருபவர்களைக் குழப்புகிற விஷயம் இது. நோய் இருப்பது ரத்தத்தில். ஆனால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் முதலில் கேட்பது, "நேத்து எவ்வளவு யூரின் போச்சு?"

அந்த அம்மாவும் குழம்பித்தான் போனார். 9 வயது மகனுக்கு அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா. கீமோ ஆரம்பிக்கும் முன்பே டிரிப்ஸ் ஏற்றிவிட்டு, ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார் நர்ஸ். உள்ளே போகும் தண்ணீர் ஒரு பக்கம், வெளியே வரும் சிறுநீர் மறுபக்கம். மகனுக்கோ கூச்சம். அளவு ஜாடியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "பால் கணக்கு எழுதின கை, இப்ப இதை எழுதுது" எனச் சலித்துக்கொண்டார் அம்மா.

ஏன் இந்தக் கணக்கு? மருந்து நன்றாக வேலை செய்வதுதான் இங்கே ஆபத்தே. கீமோ தொடங்கியதும் புற்றுநோய் செல்கள் கூட்டம் கூட்டமாக உடைகின்றன. உள்ளே இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டுகின்றன. அத்தனையையும் வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். முடியாதபோது யூரிக் அமிலம் படிகமாகி, மெல்லிய சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். 'ட்யூமர் லைசிஸ் சிண்ட்ரோம்' என்பது இதன் பெயர். பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள் வந்துவிடும். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் நாள் ராத்திரி, ஜாடியில் வழக்கத்தில் கால்வாசிகூட வரவில்லை. 'காலையில் சொல்லிக்கொள்ளலாமா?' என யோசித்த அம்மா, மனசு கேட்காமல் நோட்டோடு நர்ஸிடம் போனார். உடனே ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் எகிறியிருந்தது. அதைக் கரைத்து வெளியேற்றும் ராஸ்பியூரிகேஸ் மருந்தை ஏற்றினார்கள். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பினான் பையன்.

இதைத் தடுக்க முன்கூட்டியே தரப்படும் மாத்திரை அலோபியூரினால். ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குழு உருவாக்கியது. லுகேமியாவுக்கான 6-மெர்காப்டோப்யூரினும் அவர்கள் தந்ததுதான். 1988-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தாத்தாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த எலியன், பிஹெச்.டி முடிக்காமலேயே இதைச் சாதித்தவர்! ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு மாத்திரைகளும் சேர்ந்தால், முதலாவது இரண்டாவதை உடலில் தேங்க வைத்துவிடும். டோஸைக் குறைக்காவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். எனவே, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சையின் பிற்பகுதியிலும் சிறுநீரகத்துக்கு ஓய்வில்லை. அதிக டோஸில் ஏற்றும் மெத்தோட்ரெக்சேட், சிறுநீர் அமிலத்தன்மையோடு இருந்தால் சிறுநீரகத்திலேயே படிந்துவிடும். அதனால்தான் சோடியம் பைகார்பனேட் சேர்த்த டிரிப்ஸும், அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனையும். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசின் மருந்தும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

பெரியவர்களுக்கு வரும் மல்டிபிள் மைலோமாவில் கதையே தலைகீழ். சிகிச்சைக்கு முன்பே, நோய் உண்டாக்கும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கினால் சிறுநீரகம் தேறவும் வாய்ப்புண்டு. நம்மூரில் நடப்பது என்ன? முதுகுவலிதானே என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோம். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது இன்னோர் அடி.

ரிப்போர்ட்டில் 'கிரியேட்டினின் நார்மல்' என்று பார்த்ததும் நிம்மதி அடைவதிலும் ஒரு சிக்கல். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கீமோவில் மெலிந்துபோனவருக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் பாதித்திருந்தாலும் எண் நார்மலாகத் தெரியலாம். கீமோவுக்கு முன் எடுத்த முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப்போடாமல் பத்திரமாக வைத்திருந்தால், டாக்டரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.