மலைச்சரிவில் ஒரு கலைக்கூடம்

இமாசலப் பிரதேசத்தின் குல்லுப் பள்ளத்தாக்கில் பியாஸ் ஆற்றின் இருகரையிலும் சாலைகள் உள்ளன. வலக்கரையில் மணாலிக்குச் செல்லும் பெருஞ்சாலை. இடக்கரையில் ஆப்பிள் தோட்டங்களுக்கு இடையே வளைந்து வளைந்து செல்லும் பழைய சாலை. சுற்றுலா வருவோரில் பெரும்பாலோர் பெருஞ்சாலையிலேயே விரைந்துவிடுவர். பனியைக் கையால் அள்ளிவிட வேண்டும் என்னும் அவசரம் அவர்களுக்கு. இடக்கரை வழியே வருவோருக்குத்தான் நக்கர் என்னும் சிற்றூர் கண்ணில் படும்.

குல்லு அரசர்களின் பழைய தலைநகரம் அது. அவர்கள் எழுப்பிய கோட்டை இன்று விடுதியாக இயங்குகிறது. தேவதாரு மரச் சட்டங்களையும் கற்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து இன்றியே எழுப்பிய கட்டடம். 1905ஆம் ஆண்டு காங்ரா நிலநடுக்கத்தில் வட்டாரமே சிதைந்தபோதும் இது நின்றது. இறுகப் பூசாமல் அடுக்கிய சுவர், நிலம் அசையும்போது தானும் சற்றே அசைந்து கொடுக்கும். கோட்டையைக் கடந்து மேலேறும் வழியில், தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டடுக்கு வீடு ஒன்று நிற்கிறது. அதுவே ரோரிக் கலைக்கூடம்.

நிக்கோலஸ் ரோரிக் 1874இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். ஓவியர், தொல்லியல் அறிஞர், நாடக மேடைகளுக்குத் திரைச்சீலை தீட்டியவர். 1913இல் பாரிசில் அரங்கேறிய ஸ்டிராவின்ஸ்கியின் புகழ்பெற்ற நடன நாடகத்துக்கு மேடையும் உடையும் வடிவமைத்தவர் அவரே. ரஷ்யப் புரட்சிக்குப் பின் தாய்நாட்டை விட்டு வெளியே வாழ நேர்ந்தது. 1923இன் இறுதியில் மனைவி எலினா, மக்கள் யூரி, ஸ்வெட்டோஸ்லாவ் ஆகியோருடன் இந்தியா வந்தார். 1925 முதல் 1928 வரை லடாக், அல்தாய், மங்கோலியா, திபெத் எனப் பெரும்பயணம் மேற்கொண்டார். திபெத்தில் மேற்செல்ல இசைவு கிடைக்காமல், கடுங்குளிரில் 5 மாதங்கள் கூடாரத்திலேயே கிடந்தது அப்பயணக் குழு. சுமை சுமந்த விலங்குகள் பல மடிந்தன. அதன் பின்னரும் அவருக்கு மலைமீது வெறுப்பு வரவில்லை என்பதுதான் வியப்பு. 1928இன் இறுதியில் நக்கரில் குடியேறியவர், 1947 டிசம்பர் 13இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். வீட்டுக்குக் கீழே, அவர் உடல் எரியூட்டப்பட்ட இடத்தில் பெரிய கல் ஒன்று நாட்டப்பட்டுள்ளது.

கலைக்கூடம் சிறியது. அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று நினைத்து நுழைபவர்கள் உண்டு. சுற்றிவிடவும் முடியும், பார்த்ததாகாது.

இந்தியாவில் எந்த ஊர்க் குழந்தையிடம் தாளைக் கொடுத்தாலும் முதலில் வரைவது மலையைத்தான். இரண்டு முக்கோணங்கள், நடுவே பாதிச் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை. மலையே இல்லாத தில்லியில் வளரும் குழந்தையும் அதையே வரையும். கடற்கரையோரச் சென்னையில் வளரும் குழந்தையும் அதையே வரையும். கண் கண்டதை அன்று, கை பழகியதை வரைவது அது. ரோரிக்கின் மலைகள் அத்தகையன அல்ல. ஒரு முகட்டின் பின்னே மற்றொரு முகடு, அதன் பின்னே இன்னொன்று என அடுக்கடுக்காகச் செல்லும். முன்னால் இருப்பது கருநீலம். பின்னால் போகப்போக நிறம் வெளிறி, கடைசி முகடு வானத்தோடு கலந்துவிடும். நிறப்பொடியை முட்டைக்கரு, பசை போன்றவற்றோடு குழைத்துத் தீட்டும் டெம்பரா முறையை அவர் பெரிதும் கையாண்டார். எண்ணெய் வண்ணத்துக்குரிய பளபளப்பு அதில் இராது. சுண்ணாம்புச் சுவர்போல் ஒளியை உள்வாங்கிக்கொள்ளும். பனிமலையின் அமைதிக்கு அது நன்கு பொருந்துகிறது. ஊதா நிறத்தில் பனி இருக்குமா என்று ஐயுறுவோர், மாலை 6 மணிக்கு அவ்வீட்டின் முற்றத்தில் நின்று எதிரே பார்த்தால் போதும்.

தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்வோவியங்கள் ஒரு வகையில் புதியவை அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தமிழர் வகுத்தனர். அந்நிலத்தின் உணவு, விலங்கு, மரம், தொழில், பறை, யாழ் ஆகியவை கருப்பொருள். ரோரிக்கின் ஓவியங்கள் பலவற்றில் முதற்பொருளே ஓங்கி நிற்கிறது. மனிதர் இருந்தாலும் பாறை ஓரத்தில் எறும்பளவு இருப்பர். வைகறை அல்லது மாலை. அதன் கீழ் மலை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பனி மூடிய மலைக்கு ஐந்திணையுள் இடம் இல்லை. இமயத்தைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தனர்; எனினும் அது அவர்களுக்கு வடக்கே தொலைவில் நிற்கும் எல்லை. யாரும் அங்குக் குடியிருந்து, அதன் விடியலையும் அந்தியையும் 19 ஆண்டுகள் நாள்தோறும் பார்த்துத் தமிழில் பாடவில்லை. ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் அதை வண்ணத்தில் செய்தார்.

அவர் எந்த நாட்டு ஓவியர் என்னும் கேள்விக்கு இந்திய அரசு தெளிவான விடை அளித்துள்ளது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்கீழ் ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. ரவிவர்மா, இரவீந்திரநாத் தாகூர், அமிர்தா ஷெர்கில், ஜாமினி ராய் முதலியோர் அடங்கிய அப்பட்டியலில் ரோரிக்கின் பெயரும் உண்டு. இந்தியாவில் உள்ள அவருடைய ஓவியத்தை விற்பனைக்காக வெளிநாடு கொண்டுசெல்ல முடியாது. பிறந்த ஊரைக் கேட்டு இடம் ஒதுக்கும் உலகில், வாழ்ந்த ஊரை எப்படிப் பார்த்தார் என்று கேட்டு ஒதுக்கப்பட்ட இடம் அது.

ஓவியக்கூடத்தைப் பார்த்தவுடன் வருகையாளர் பலர் கீழே இறங்கிவிடுகின்றனர். அது பெரும் பிழை. இன்னும் சிறிது ஏறினால், ‘உருஸ்வதி’ என்று ரோரிக் குடும்பத்தினர் பெயரிட்ட ஆய்வு நிறுவனத்தின் கட்டடங்கள் வரும். மலை மூலிகைகளையும் மொழிகளையும் அவர்கள் அங்கே ஆராய்ந்தனர். இன்று அங்கே மலைநாட்டு மக்களின் உடைகளையும் கைவினைப் பொருள்களையும் காட்டும் அருங்காட்சியகம் உள்ளது. ஓவியத்தில் எறும்பளவாய் நின்ற மனிதர் இங்கே முழு உருவம் பெறுகின்றனர். கீழே முதற்பொருள் என்றால் மேலே கருப்பொருள்.

அப்பள்ளத்தாக்கின் கைவினைகள் எல்லாம் குளிரிலும் ஏற்றத்திலும் பிறந்தவை. முதுகில் சுமக்கும் கூம்பு வடிவ மூங்கிற்கூடைக்குக் ‘கில்டா’ என்று பெயர். சரிவில் தலைச்சுமை ஆகாது. தோல் செருப்பு அணியக் கூடாத கோயில்களிலும் அடுக்களையிலும் வெறுங்காலோடு நிற்கவும் முடியாத குளிர். ஆகவே செடி நாரையும் ஆட்டு மயிரையும் கொண்டு ‘பூலா’ என்னும் காலணியைப் பின்னிக்கொண்டனர். பெண்கள் உடல் முழுதும் சுற்றி ஊசியால் பொருத்திக்கொள்ளும் கம்பளி ஆடை ‘பட்டு’. பெயரில் பட்டு, நூலில் கம்பளி; தமிழர்க்குச் சிரிப்பு வரும்.

கீழேயுள்ள ஓவியங்களைத் தீட்டியவர் யார் என்பதை உலகம் அறியும். மேலே இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் யார் என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை.

இவற்றுள் இன்றும் உயிரோடு இருப்பது சால்வை. ஒரே நிறத்தில் நடுப்பகுதி, இரு முனையிலும் பல வண்ண வடிவங்கள். அந்த வடிவங்களைத் தறியில் அமர்ந்தவர், பாவு நூலை எண்ணி எண்ணி, வண்ண இழைகளை விரலால் கோத்துக் கோத்து நெய்ய வேண்டும். வடிவம் நுணுகும் அளவுக்கு நாட்களும் கூடும். 1944இல் பூட்டி என்னும் சிற்றூரின் நெசவாளர்கள் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இன்றும் நெய்துவருகிறது. குல்லுச் சால்வைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும், விசைத்தறியில் நெய்த மலிவுத் துணி அதே பெயரைச் சூடிக்கொண்டு பெருஞ்சாலைக் கடைகளில் தொங்குகிறது. வாரக்கணக்கில் நெய்தவரின் கூலியை அது விழுங்கிவிடுகிறது. பட்டுப்புடவையின் கரையைத் தடவி, மறுபுறம் திருப்பிப் பார்த்து, நெய்த ஊரைக் கேட்டு வாங்கிப் பழகிய தமிழ்ப் பெண்களும் மணாலியில் விலையை மட்டுமே கேட்டு வாங்கிச் செல்கின்றனர். குளிர் அப்படி அவசரப்படுத்தும் போலும்!

நக்கரில் குளிர்காலம் முற்றியதும் தோட்ட வேலை ஓய்ந்துவிடும். பழம் பறித்த கைகள் வீட்டுக்குள் தறிக்குத் திரும்பும். சால்வைகள் மிகுதியாக நெய்யப்படுவது அந்த மாதங்களில்தான். பனி விழுந்த பாதையில் கலைக்கூடத்துக்கு ஏறி வருவோர் அப்போது மிகக் குறைவு.