பேசாத பயிற்றுநர்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் படகோட்ட அணியை 1963 முதல் 2013இல் தாம் இறக்கும்வரை பயிற்றுவித்தவர் ஹாரி பார்க்கர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தனியாள் படகுப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றவர். கல்லூரியில் மெய்யியல் பயின்றவர். (குருமடத்தில் நாங்களும் மெய்யியல் பயின்றோம், அது எங்களைப் பேச்சாளர்களாகவன்றோ ஆக்கியது!)

பார்க்கரோ பேசாதவர். மாணவர் துடுப்பு வலிக்க, இவர் விசைப்படகில் உடன்சென்று பார்த்துக்கொண்டேயிருப்பார். தம்மைக் குறித்து அவருக்கு நிறைவா, குறையா என்பது மாணவருக்கே விளங்காதாம். ஆயினும், 1963 முதல் 1980 வரை 18 ஆண்டுகள் தொடர்ந்து யேல் அணியை வென்றனர்.

படகில் இடம்பெறுவோரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை உண்டு. இரு படகுகள் போட்டியிடும். பின்பு படகுக்கு ஒருவராக இருவர் இடம் மாறி அமர்வர்; மீண்டும் போட்டி. படகுகளுக்கிடையே இருந்த இடைவெளி கூடியதா, குறைந்ததா என்பதே தீர்ப்பு. பரிந்துரைக்கு அங்கே வேலையில்லை. பாடகர் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதே எத்தனை மனத்தாங்கலை விளைவிக்கும் என்றறிந்த பங்குக் குருவுக்கு இதைக் கேட்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

எனினும் ஒன்று உறுத்துகிறது. தண்ணீர் தீர்ப்பளித்துவிட்டது, சரி. இடமிழந்த இளைஞனுடன் யார் பேசுவது? துடுப்பு வலிப்பவன் பின்னோக்கியே அமர்கிறான். போகுமிடம் அவனுக்குத் தெரியாது. தொடர்ந்து வரும் பயிற்றுநரின் முகமே தெரியும். அம்முகமும் ஒன்றும் சொல்லாவிடில் அவன் எதைப் பற்றிக்கொள்வான்?

2013இல், நோயுற்ற நிலையிலும், பார்க்கர் விசைப்படகேறி ஆற்றுக்குச் சென்றார். ஜூன் மாதம், தமது 77ஆம் வயதில் இறந்தார். அவ்வாண்டு துடுப்பு வலித்த மாணவர் கண்டதும் அதே முகத்தைத்தான்.