தண்ணியில்லாக் காடு

தமிழ்நாட்டு மேலதிகாரிகள் காலங்காலமாக விடும் மிரட்டல் ஒன்று உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" பெரும்பாலும் அந்தக் காடு, ராமநாதபுரம் ஜில்லா.

என் நண்பன் விஷயத்தில் மிரட்டலோடு நிற்கவில்லை. ஆர்டரே வந்துவிட்டது. மனைவியையும் ரெண்டு வயசுப் பெண்ணையும் திருச்சியில் விட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். "ஊரைப் பார்க்கிற மாதிரி என்னையும் வந்து பாருடா" என்று போன் பண்ணினான். தை மாசம் ஒரு சனிக்கிழமை போய் இறங்கினேன்.

அவன் பைக்கில் முதலில் ராஜசிங்கமங்கலம் கண்மாய். கரையேறிப் பார்த்தால்... கடல்! 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது இங்கே சொலவடை. இந்தக் கரையில் கிளம்பிய நாரை அந்தக் கரை சேராதாம். அத்தனை அகலம். தண்ணியில்லாத ஊரில் எதற்கு இத்தனை பெரிய கண்மாய் என்றால், இல்லாததால்தான் ஸார்! வருஷம் பூரா ஓடும் ஆறு கிடையாது. அதனால் பெய்வதையெல்லாம் பிடித்து வைத்தார்கள். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து அடங்குகிறது.

கரையில் மாடு மேய்த்த பெரியவர் கணக்கை ரெண்டே வரியில் முடித்தார். "ஐப்பசி கார்த்திகையில பேஞ்சா நெல்லு தம்பி. பேயலைன்னா திருப்பூர் பஸ்ஸு."

அங்கிருந்து ஓரியூர். லிஸ்பனில் பிறந்து, காவி உடுத்தி, மறவர் சீமையில் சுற்றிய பாதிரியார் அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்ட இடம். 1947-ல் புனிதர் ஆனார். அங்கே மணல் சிவப்பு. அவர் ரத்தம் என்று நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள், மதம் பார்ப்பதில்லை.

ஞாயிறு காலை சக்கரக்கோட்டைக் கண்மாய். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 2022-லும், இதுவும் தேர்த்தங்கலும் 2025-லும் ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டன. எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகின்றன. எந்த ஆபீஸரும் ஆர்டர் போடாமலே!

உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் சந்தனக் காப்புக்குள் இருந்தார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம்.

கடைசியாக தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே விழுங்கிவிட்டது. நூறு பேருக்கு மேல், ஒருத்தரும் பிழைக்கவில்லை. 2017 முதல் அரிச்சல்முனை வரை ரோடு இருக்கிறது. எல்லோரும் கடலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்பன் மட்டும் இடிந்த சர்ச் சுவரையே பார்த்தபடி நின்றான்.

"இங்கே ஸ்டேஷன்ல வேலை பார்த்தவங்களுக்கும் யாரோ ஆர்டர் போட்டு அனுப்பியிருப்பாங்க இல்லே?" என்றான். "குடும்பத்தோட இருந்திருப்பாங்க."

நான் பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பாம்பன் பாலம் தாண்டியதும் அவனே சொன்னான்: "அடுத்த வாரம் திருச்சி போய் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துடறேன்டா. பாப்பாவுக்கு நாரை காட்டணும்."

நீங்களும் போவதென்றால் மார்கழி, தையில் போங்கள். கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கும். குடிப்பதற்கு மட்டும் பாட்டிலில் எடுத்துப் போங்கள்!