நின்றுபோன நீரோட்டம்



தருமபுரி மாவட்டத்திலுள்ள கடத்தூர் எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. தண்ணீரின் அருமையை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணிப்பொறிக்குள்ளும் நீர் ஓடுவதுண்டு என்பதையும், அது நின்றால் என்னவாகும் என்பதையும் சென்ற கோடை விடுமுறையில்தான் கற்றுக்கொண்டேன்.

என் தந்தையார் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர். எடுத்தவற்றைக் கணிப்பொறியில் தொகுத்து வீடியோவாகக் கொடுப்பார். ஆறு ஆண்டுகளுக்கு முன் கடன் பட்டு வாங்கிய அந்தக் கணிப்பொறிதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது.

கணக்கிடும் வேலையைச் செய்வது செயலி என்னும் சிறு சில்லு. வேலை மிகுந்தால் அது கொதிக்கும். எங்கள் கணிப்பொறியில் செயலியின்மேல் ஒரு செப்புத் தகடும், அதன்மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பும் இருந்தன. சூடேறிய நீரைப் பம்பு குழாய் வழியே ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே விசிறிக் காற்றில் ஆறிய நீர் மறு குழாயில் திரும்பி வரும். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் முறையும் இதுவே. 1980-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெரிய கணிப்பொறியும் நீரால் குளிர்விக்கப்பட்டதே.

ஒரு நாள் காலை நான் கணிப்பொறியைப் போட்டதும் திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. செயலியின் விசிறியில் கோளாறு. தொடர எஃப்-1 விசையை அழுத்துக என்றிருந்தது. குனிந்து பார்த்தேன். விசிறிகள் சுழன்றன, வண்ண விளக்குகளும் எரிந்தன. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று விசையை அழுத்தினேன். சற்று நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு அணைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. விசிறிக்குரிய அந்த இணைப்பில் பம்பின் கம்பியே செருகப்பட்டிருந்தது என்பதை நான் அறியேன்.

அன்று மாலை அப்பா ஒரு திருமண வீடியோவை முடிக்க உட்கார்ந்தார். கணிப்பொறி ஆமையாய் ஊர்ந்தது. பிறகு தானாகவே அணைந்தது. மூன்று முறை அப்படியே. மணமக்கள் மறுநாள் காலையில் வெளியூர் புறப்படுகிறார்கள். அப்பாவின் முகம் வாடிப்போயிற்று.

அந்நேரம் வந்த என் சித்தப்பா உழவர், கணிப்பொறி அறியாதவர். “போர் மோட்டார் தண்ணி எடுக்கலேன்னா நாங்க குழாயைத்தான் தொட்டுப் பார்ப்போம் அண்ணா” என்றார். மூடியைக் கழற்றி ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார். செயலியின் பக்கம் குழாய் சுட்டது, ரேடியேட்டரோ சில்லென்றிருந்தது. பம்பின்மேல் விரலை வைத்தார்; அதிர்வே இல்லை. “தண்ணி நின்னு போச்சு” என்றார்.

அப்போதுதான் நான் காலையில் கண்டதைச் சொன்னேன். அப்பா திட்டவில்லை. “அப்பவே சொல்லியிருந்தா ஒரு பகல் முழுக்கக் கிடைச்சிருக்குமேம்மா” என்றார். அச்சொல் அடியைவிட அதிகமாக வலித்தது.

இரவில் பழுது பார்ப்பவர் வந்தார். அது முழுதும் அடைத்து மூடிய அமைப்பு. பம்பை மட்டும் மாற்ற முடியாது என்றார். அதைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, புதுப் பசை தடவி, விசிறி வைத்த உலோகக் குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்தினார். நல்லவேளையாகச் செயலி கெடவில்லை. ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் சூட்டை எட்டும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். சூடு அதற்கும் அடங்காவிட்டால் கணிப்பொறி அணைந்துவிடுமாம். ஊர்ந்ததும் அணைந்ததும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான்!

அப்பா விடிய விடிய விழித்து வேலையை முடித்தார். பேருந்து நிலையத்துக்கே ஓடிப்போய் மணமக்களிடம் வீடியோவைக் கொடுத்தார்.

தோழியரே, வாயில்லா இயந்திரம்கூடத் தன் குறையைக் காலையிலேயே சொல்லிவிட்டது. வாயிருந்தும் சொல்லாதவள் நான்தான். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். இப்போது நாள்தோறும் செயலியின் வெப்பத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. எண் சற்று ஏறினாலும் முதலில் அப்பாவிடம் ஓடுகிறேன்.