மாமரத்து விருந்தாளி

காரைக்கால் என்றதும் நேயர்கள் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, திருநள்ளாற்றுச் சனீசுவரன். மற்றொன்று, காரைக்கால் அம்மையாரின் மாங்கனி. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிக்ஷாடன மூர்த்தி வீதியுலா வரும்போது, ஜனங்கள் மாடிகளில் நின்று மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். பழத்துக்கு இத்தனை மரியாதை செய்யும் ஊரில், அந்தப் பழம் காய்க்கும் மரத்திலேயே குடியிருக்கும் ஓர் அழகிய மலரைத் திரும்பிப் பார்ப்பார் சிலரே. அந்த மலருக்காகப் பரிந்து பேசவே இதை எழுதுகிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வருகிறவர் நண்டலாற்றைக் கடந்ததும் காரைக்கால் எல்லைக்குள் புகுகிறார். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்த சிறிய நிலப்பகுதி இது. இன்று புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. அரசலாறும் திருமலைராயனாறும் பாய்ந்து வளப்படுத்தும் மண். வயல்களுக்கு நடுவே உள்ள கிராமங்களின் கொல்லைகளிலும் கோயில் தோப்புகளிலும் கிழட்டு மாமரங்களும் இலுப்பை மரங்களும் நிற்கின்றன. அவற்றின் கிளைகளைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால், சில இடங்களில் வார் போன்ற தடித்த இலைகளோடு ஒரு செடி தொற்றிக்கொண்டிருப்பது தெரியும்.

கிராமத்தார் அதைப் 'புல்லுருவி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். புல்லுருவி தன் அடிப்பாகத்தை மரத்தின் உடலுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுவது. அது ஒட்டிய இடத்தில் கிளை முண்டு கட்டியிருக்கும். நம் செடியோ பட்டையை வேர்களால் தழுவி நிற்பதோடு சரி. மழை நீரும், காற்றின் ஈரமும், பட்டை இடுக்கில் தங்கும் தூசியும் சருகுமே அதன் ஆகாரம். திருடன் வேறு, திண்ணையில் தங்கிய விருந்தாளி வேறு அல்லவா?

அடையாளம் காண்பது எளிது. இலைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கியிருக்கும். நடுவில் வாய்க்கால்போல் மடிந்து, நுனி கத்தரித்தாற்போல் பல்பல்லாக முடியும். வேர்கள் சுண்டுவிரலுக்குச் சற்று மெலிந்தவை. காய்ந்திருக்கையில் வெள்ளை, நனைந்ததும் பச்சை. கோடையில் ஒரு காம்பில் சில மலர்கள் பூக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். நடுவே ஊதா நிற உதடு ஒன்று. மணமும் உண்டு. இது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. சாஸ்திரப் பெயர் 'வந்தா டெஸ்ஸெல்லாட்டா'.

பெயரின் முற்பாதி நம் நாட்டுச் சொத்து. மரத்தின்மேல் வளரும் செடியைக் குறிக்கும் 'வந்தா' என்ற வடமொழிச் சொல்லைத் தாவர சாஸ்திரத்துக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் ஜோன்ஸ். 1820-ல் ராபர்ட் பிரௌன் அதை ஓர் இனத்தின் பெயராக நிலைநாட்டினார். பிற்பாதி லத்தீன், கட்டம் போட்டது என்று பொருள். அதைச் சூட்டியவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட, 300 படங்கள் கொண்ட பெருநூலின் முதல் தொகுதி 1795-ல் வந்தது; அதில் இந்தச் செடியும் இடம்பெற்றது. அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்களே. அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768-ல் வைத்தியராக வந்து இறங்கிய இடம் நம் பக்கத்து ஊரான தரங்கம்பாடி. அந்நியர் கண்டு வியந்து ஏட்டில் ஏற்றிய மலரை, அது பிறந்த கரையில் உள்ள நாம் விறகோடு சேர்த்து எரிக்கிறோம்.

எரிப்பது என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு அன்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. காரைக்காலிலும் மரங்கள் சாய்ந்தன. சில நாட்களுக்குப் பின் ஒரு கிராமத்துக் கொல்லையில், விழுந்த மாமரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளையொன்றில் இந்தச் செடிகள் இரண்டு வதங்கிக் கிடந்தன. நான் குனிந்து எடுத்ததைப் பார்த்த வீட்டுக்காரப் பெரியவர் சிரித்தார்.

"வாத்தியாரையா, அது புல்லுருவி. மரத்தையே தின்றுவிடும். அடுப்புக்குப் போகட்டும்" என்றார்.

"பெரியவரே, இது தின்றதற்கு மரத்தில் ஒரு வடு காட்டுங்கள், நானே அடுப்பில் போடுகிறேன்" என்றேன்.

அவர் பட்டையைத் தடவிப் பார்த்தார், வடு இல்லை. "கொண்டு போங்கள்" என்று விட்டுவிட்டார்.

வீட்டில் செய்ததைச் சொல்கிறேன், எவரும் செய்யலாம். வேர்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர்; பொக்கென்று நசுங்குவது செத்தது. செத்தவற்றைச் சுத்தமான கத்தியால் நீக்கி, ஒரு வாரம் தாழ்வாரத்து நிழலில் வைத்தேன். பிறகு சொரசொரப்பான மாங்கட்டை ஒன்றில் பருத்திக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். மண்ணில் நடவே கூடாது. மூச்சு முட்டி வேர் அழுகும். காலையில் மட்டும், வேர் பச்சையாகும் வரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். குருத்தில் நீர் தேங்கி இரவு முழுதும் நிற்கலாகாது. கடலோரத்துக் கிணற்று நீர் உவர்ப்பானால் மழை நீரைச் சேமித்து ஊற்றுவது நலம். இளங்காலை வெயில் போதும்; உச்சி வெயில் ஆகாது.

இரண்டு மாதம் வரையில் ஒரு மாறுதலும் இல்லை. தை மாதக் கடைசியில் தண்டின் ஓரத்தில் பச்சை முனையோடு ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது. 2020 வைகாசியில், ஊரடங்கால் பிள்ளைகள் வீட்டோடு இருந்த நாட்களில், ஏழு மலர்கள் பூத்தன. கட்டங்களை எண்ணுவதற்கு அவர்களுக்குள் போட்டி!

பெரியவருக்குச் செய்தி சொன்னேன். வந்து பார்த்தார், வெகு நேரம் பேசவில்லை. "புதிதாக வைத்த மாங்கன்று பெரிதானதும் இதில் ஒன்றைத் தருவீர்களா?" என்று கேட்டார். இரண்டாவது செடி அவருக்காகக் காத்திருக்கிறது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் செடியின் விதை தூசியைப் போன்றது. தனக்குள் ஆகாரம் இல்லாதது. தக்க பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருஷம் பிடிக்கும். அது குடியிருக்கக் கிழட்டு மரம் வேண்டும்; கிழட்டு மரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சிங்கப்பூர் 1981-ல் இதன் நெருங்கிய உறவான 'வந்தா மிஸ் ஜோவாக்கிம்' என்னும் மலரைத் தேசிய மலராக வரித்துக்கொண்டது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மரத்தில் இருப்பதைப் பறிக்காமல் விட்டு, மரத்தோடு விழுந்ததை எடுத்துப் பிழைக்க வைத்தால் போதும்.

சகோதரிகளே, குழந்தைகளே! அடுத்த முறை மாங்காய் பறிக்க அண்ணாந்து பார்க்கும்போது காய்க்குப் பக்கத்திலும் பாருங்கள். வார் போன்ற இலையும் வெள்ளை வேரும் தென்பட்டால், அரிவாளோடு ஏறுகிறவரிடம், "அது விருந்தாளி; இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.